கிராபிக்ஸ் அட்டை மாற்றியபின் கணிப்பொறி செயலறுதல்: காரணங்களும் கண்டறியும் முறையும்

நன்கு இயங்கிவந்த கணிப்பொறி ஒன்றிலிருந்து பழைய கிராபிக்ஸ் அட்டையை நீக்கிவிட்டு, ஆற்றல் மிக்க புதிய அட்டையைப் பொருத்துகின்றனர். அதன்பின் பொறி இயங்க மறுக்கிறது. புதிய அட்டையை எடுத்துவிட்டுப் பழையதையே மீண்டும் வைத்துப் பார்த்தாலும் பயன் விளைவதில்லை. இந்நிலையில் பொறிக்கு உரியவர் இரண்டு முடிவுகளுள் ஒன்றுக்கு வருவது வழக்கம். புதிய அட்டை பழுதுடையது என்பது ஒன்று. அது தாய்ப்பலகையையே கெடுத்துவிட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். ஆயினும் பெரும்பாலும் இரண்டுமே தவறாக முடிகின்றன. நல்ல நிலையிலுள்ள உறுப்புகள் குப்பைக்குச் செல்வதும், வேண்டாத உறுப்புகள் விலை கொடுத்து வாங்கப்படுவதும் இத்தவற்றின் விளைவுகளாம்.

பொறியில் தோன்றும் கோளாற்றை ஊகத்தால் அன்றி முறையான சோதனையால் அறிதல் வேண்டும் என்னும் கொள்கை, கணிப்பொறியின் தொடக்கக் காலத்திலேயே வேரூன்றியது. 1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகினர்க்குக் காட்டப்பெற்ற எனியாக் என்னும் கணிப்பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. குழாய்கள் எப்பொழுது பழுதுறுகின்றன என்பதைப் பொறியாளர் கூர்ந்து நோக்கினர். பொறியை இயக்கிக் குழாய்கள் சூடேறும் பொழுதும், நிறுத்தி அவை ஆறும் பொழுதுமே பழுதுகள் மிகுதியாக நிகழ்ந்தமை தெரிந்தது. ஆகவே, பொறியை இயன்றவரை நிறுத்தாமலேயே வைத்திருந்தனர். பழுது எங்கே உள்ளது என்பதைவிட, அஃது எந்த நேரத்தில், எந்தச் செயலின்போது தோன்றுகிறது என்பது சிறந்த துப்பாகும். இக்கட்டுரைக்கும் அதுவே அடிப்படை.

1. அட்டையின் மின்தேவை

கிராபிக்ஸ் அட்டை என்பது திரைக்கு வேண்டிய படங்களைக் கணித்துத் தரும் தனிக் கணிப்புச் சாதனமாகும். ஆயிரக்கணக்கான சிறு கணிப்பகுதிகள் அதில் ஒரே காலத்தில் இயங்குகின்றன. இதனால், படங்களுக்கு மட்டுமின்றி வானிலைக் கணக்கு, மருத்துவப் படங்களின் ஆய்வு, செயற்கை அறிவு ஆகிய துறைகளிலும் இவ்வட்டை இப்பொழுது பெரிதும் பயன்படுகிறது. கணிப்பகுதிகள் பெருகப் பெருக மின்தேவையும் பெருகிற்று. இன்றைய கணிப்பொறி ஒன்றில் மையச் செயலியைவிடக் கிராபிக்ஸ் அட்டையே மிகுதியான மின்திறனை உட்கொள்வது இயல்பாகிவிட்டது.

அட்டைக்கு இரண்டு வழிகளில் மின்சாரம் கிடைக்கிறது. முதல் வழி, அது செருகப்படும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகுவாய். இதன் வாயிலாக ஓர் அட்டை பெறக்கூடிய உச்ச அளவு 75 வாட்டு. அதற்கு மேல் வேண்டுமாயின், மின்வழங்கியிலிருந்து நேரே வரும் தனிக் கம்பிகளை அட்டையின் விளிம்பில் இணைத்தல் வேண்டும். ஆறு முனைகளையுடைய இணைப்பான் 75 வாட்டும், எட்டு முனைகளையுடைய இணைப்பான் 150 வாட்டும் தருவதற்கென வரையறுக்கப்பட்டுள்ளன. ஆகவே, எட்டுமுனை இணைப்பான் ஒன்றும் ஆறுமுனை இணைப்பான் ஒன்றும் உடைய அட்டைக்குச் செருகுவாயையும் சேர்த்து 300 வாட்டு கிடைக்கும். 2022-இல் வழக்கிற்கு வந்த புதிய வகை இணைப்பான் ஒன்று, பன்னிரண்டு பெரிய முனைகளாலும் நான்கு சிறிய முனைகளாலும் ஆனது. அது தனித்தே 600 வாட்டு வரை தருதற்கு உரியது.

பழைய சிறிய அட்டைகள் பல செருகுவாயின் 75 வாட்டிலேயே இயங்கி வந்தன. அவற்றிற்குத் தனிக் கம்பி எதுவும் தேவைப்படவில்லை. அத்தகைய அட்டையைப் பல்லாண்டு கையாண்டு பழகியவர், புதிய அட்டைக்கும் செருகுவாய் ஒன்றே போதும் என எண்ணிக் கம்பியை இணைக்காது விட்டுவிடுவது உண்டு. விசிறிகள் சுழன்றும் திரையில் படம் தோன்றாமைக்கு இதுவும் ஒரு காரணமாம்.

2. மின்வழங்கியின் உண்மையான வலிமை

கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் மின்வழங்கி, 230 வோல்ட்டு மாறு மின்னோட்டத்தை ஏற்று, 12, 5, 3.3 வோல்ட்டு நேர் மின்னோட்டங்களாக மாற்றித் தருகிறது. அதன் பெட்டியின்மேல் 450 வாட்டு அல்லது 500 வாட்டு எனப் பெரிய எழுத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குவோர் அவ்வெண்ணை மட்டுமே நோக்குகின்றனர். ஆனால், அது மூன்று மின்னழுத்தங்களிலும் கிடைக்கக்கூடிய திறனின் கூட்டுத்தொகையாகும். கிராபிக்ஸ் அட்டையும் மையச் செயலியும் பெரிதும் நாடுவது 12 வோல்ட்டுப் பகுதியையே. ஆதலின், பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டுள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட்டிற்கு நேராக எத்தனை ஆம்பியர் குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் படித்தல் வேண்டும். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கக் கிடைப்பதே திறன். 12 வோல்ட்டுப் பகுதி 25 ஆம்பியர் தருமாயின், அதன் திறன் 300 வாட்டு மட்டுமே. பெட்டியின்மேல் 450 என்று இருந்தாலும் இவ்வுண்மை மாறாது.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. அட்டைக்கு 200 வாட்டு வேண்டும் என்று தயாரித்தோர் குறிப்பது சராசரி அளவேயாகும். கணிப்பு வேலை திடீரெனக் கூடும் பொழுது, நொடியின் மிகச் சிறு பகுதிக்கு அதன் தேவை இவ்வளவைக் கடந்து பாய்வது உண்டு. இத்தகைய திடீர் உயர்வுகளைத் தாங்கும் வகையில் மின்வழங்கிகள் அமைய வேண்டும் என்பதற்காகவே, 2022-இல் வெளியிடப்பெற்ற ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் வரையறை, மின்வழங்கி தன் குறியீட்டுத் திறனைப்போல் இருமடங்கை 100 மைக்ரோ விநாடி வரை தாங்க வேண்டும் என விதித்தது. அதற்கு முற்பட்ட மின்வழங்கிகள் பல, இத்தகைய உயர்வைக் குறுஞ்சுற்று எனக் கொண்டு தற்காப்பாகத் தம்மை அணைத்துக் கொள்கின்றன. அவ்வாறு அணைந்தபின், சுவர்ச் செருகியைப் பிடுங்கிச் சிறிது நேரம் கழியும்வரை, பொத்தானை எத்தனை முறை அழுத்தினும் அவற்றுட் சில மீண்டும் இயங்குவதில்லை. இதனை அறியாதவர், பொறி அடியோடு அழிந்தது எனக் கலங்குவர்.

மின்வழங்கியின் வயதும் கருத்திற்குரியது. அதனுள் உள்ள மின்பகு மின்தேக்கிகள் வெப்பத்தால் நாளடைவில் உலர்ந்து தம் கொள்திறனை இழக்கின்றன. புதிதாக இருந்தபொழுது தாங்கிய சுமையை, ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின்னரும் அது தாங்கும் என எதிர்பார்த்தல் கூடாது.

நம் நாட்டில் பல கணிப்பொறிகள் யு.பி.எஸ். வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் காணப்படும் 600 வோல்ட்டு-ஆம்பியர் யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்டு அளவே தாங்கவல்லது. புதிய அட்டையால் சுமை கூடிய பின், மின்வெட்டு ஏற்படும் கணத்தில் பொறி அணையுமாயின், குறை பொறியினுள் இல்லாமல் யு.பி.எஸ்.ஸின் சிறுமையில் இருத்தல் கூடும்.

3. இணைப்பான்களும் வெப்பமும்

மின்னோட்டம் ஒரு தடையின் வழியே செல்லும் பொழுது வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது ஜூல் கண்ட விதி. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். இணைப்பானின் முனைகள் ஒன்றையொன்று தொடும் இடத்திலும் ஒரு சிறு தடை உண்டு.

எட்டுமுனை இணைப்பானில் 150 வாட்டு செல்லும் பொழுது மின்னோட்டம் 12.5 ஆம்பியர். அதனை மூன்று முனைகள் பகிர்ந்து கொள்வதால், ஒன்றிற்கு ஏறத்தாழ 4.2 ஆம்பியர் வருகிறது. தொடுதடை 0.01 ஓம் எனக் கொண்டால், முனை ஒன்றில் பிறக்கும் வெப்பம் 0.2 வாட்டிற்கும் குறைவு. புதிய வகை இணைப்பானில் 600 வாட்டு செல்லும் பொழுது மின்னோட்டம் 50 ஆம்பியர். ஆறு முனைகளில் ஒன்றிற்கு 8.3 ஆம்பியர், வெப்பம் ஏறத்தாழ 0.7 வாட்டு. இதுவும் தாங்கத்தக்கதே. ஆனால், இணைப்பான் முழுமையாக உட்செல்லாமல் நின்று, தொடுதடை பத்து மடங்காகுமாயின், அதே முனையில் ஏறத்தாழ 7 வாட்டு வெப்பம் தோன்றும். விரல்நுனியினும் சிறிய பிளாஸ்டிக் உறைக்குள் இத்துணை வெப்பம் அடைபட்டால் அது பழுப்பேறும்; பின்னர் உருகும். 2022-க்குப் பின் இவ்வகை இணைப்பான்கள் சில உருகிய நிகழ்ச்சிகள் வெளிவந்தன. அவற்றிற்குக் கூறப்பட்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று, இணைப்பான் இறுதிவரை அழுத்தப்படாமையே. 2023-இல் அதன் அமைப்பு திருத்தப்பெற்றது.

இக்கணக்கிலிருந்து நடைமுறைக்குரிய விதி ஒன்று பெறப்படுகிறது. எட்டுமுனைக் கம்பி இல்லாத மின்வழங்கியில், வன்தட்டுக்கு உரிய பழைய நான்குமுனைக் கம்பிகள் இரண்டை ஒன்றாக்கி எட்டுமுனையாக மாற்றும் இடையிணைப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. மூன்று முனைகளுக்குரிய மின்னோட்டத்தை இங்கு இரண்டே முனைகள் சுமக்கின்றன. அன்றியும், எட்டுமுனைக் கம்பி ஒரு மின்வழங்கியில் அமையாமை, அத்துணைப் பெரிய அட்டைக்கென அஃது உருவாக்கப்படவில்லை என்பதற்கு அறிகுறியாகும். இடையிணைப்பு கம்பியைத் தரும், திறனைத் தராது.

4. குறிகளை வகைப்படுத்தல்

மருத்துவர் நோயின் குறிகளை முதலில் கேட்டறிவது போல, பொறியின் குறிகளையும் முதலில் வகைப்படுத்துதல் வேண்டும். அட்டை மாற்றத்தின்பின் தோன்றும் கோளாறுகள் மூன்று வகையுள் அடங்கும்.

(அ) பொத்தானை அழுத்தியும் எதுவும் அசையவில்லை. அல்லது விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. மின்வழங்கி தற்காப்பு நிலையில் இருத்தல், எங்கேனும் குறுஞ்சுற்று இருத்தல், 24 முனைகளையுடைய பெரிய இணைப்பான் தளர்ந்திருத்தல், பெட்டியின் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய கம்பி கழன்றிருத்தல் ஆகியவை காரணமாகலாம்.

(ஆ) விசிறிகள் சுழல்கின்றன. திரை இருண்டே உள்ளது. இங்கு முதலில் நோக்க வேண்டியது மிக எளியது. திரையின் கம்பி, புதிய அட்டையின் வாயில் செருகப்பட்டுள்ளதா, அன்றித் தாய்ப்பலகையின் வாயிலேயே விடப்பட்டுள்ளதா? அடுத்து, அட்டைக்குரிய தனி மின்கம்பி. அட்டை செருகுவாயில் முழுமையாக அமர்ந்திருத்தல். ரேம் பட்டைகள் இடம் பெயராதிருத்தல். இவை யாவும் சரியாயின், தாய்ப்பலகையின் தொடக்க நிரலாகிய பயாஸ் புதிய அட்டையுடன் ஒத்துப் போகாமை கருதத்தக்கது. புதிய அட்டைகள் யு.ஈ.எஃப்.ஐ. என்னும் பிற்காலத் தொடக்க முறைக்கு ஏற்ப அமைந்தவை. மிகப் பழைய தாய்ப்பலகைகள் சில அவற்றை அறிந்துகொள்ளாமல் விடுவதுண்டு. பயாஸின் புதிய பதிப்பு வெளிவந்திருப்பின், பழைய அட்டையை வைத்துக்கொண்டே அதனை முதலில் ஏற்றுதல் வேண்டும்.

(இ) படம் தோன்றுகிறது, பொறி இயங்குகிறது, ஆனால் கடும் வேலை தொடங்கியதும் அணைந்துவிடுகிறது. மின்வழங்கியின் போதாமையும் வெப்பமுமே இங்கு முதன்மையான காரணங்கள். இவ்விரண்டையும் காலத்தால் பிரித்தறியலாம். வெப்பம் ஏறச் சில நிமிடங்கள் ஆகும். அட்டையும் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தன்னைக் காக்க முயலும். மின்திறன் போதாமையோ, வேலை தொடங்கிய சில விநாடிகளிலேயே, சுவர்ச் செருகியைப் பிடுங்கியது போலப் பொறியை அணைத்துவிடும். அமைப்புத் திரை வரை படம் தெரிந்து, பின்னர் இயக்க முறைமை தொடங்கும் இடத்தில் மட்டும் திரை இருளுமாயின், குறை வன்பொருளில் அன்று; பழைய அட்டையின் இயக்கி நிரலில் உள்ளது.

தொடக்கத்தில் பொறி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஒலியாலோ ஒளியாலோ குறை கூறுவதும் உண்டு. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பெர்சனல் கம்ப்யூட்டரில் ஒரு நெட்டொலியும் இரண்டு குற்றொலிகளும் பட அட்டையின் கோளாற்றைக் குறித்தன. இன்று ஒலிக்குறிகள் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால், தாய்ப்பலகைக்குரிய கையேட்டைப் பார்த்தே பொருள் கொள்ளுதல் வேண்டும். புதிய தாய்ப்பலகைகள் பலவற்றில் செயலி, ரேம், பட அட்டை, தொடக்கம் ஆகிய நான்கிற்கும் தனித்தனிச் சிறு விளக்குகள் உள்ளன. எவ்விளக்கு அணையாமல் நிற்கிறதோ அவ்வுறுப்பில் ஆய்வைத் தொடங்குக.

5. ஓர் எடுத்துக்காட்டு

ஒரு கல்லூரியில் பயிர்நோய் ஆய்வில் ஈடுபட்ட மாணவர் ஒருவரின் கணிப்பொறியை எடுத்துக்கொள்க. நான்கு பருவங்களில் வயல்தோறும் சென்று எடுத்த இலைப் படங்கள் யாவும் அதன் வன்தட்டில் உள்ளன. அவற்றிற்கு வேறு படி இல்லை. நோயுற்ற இலையை இனங்காணும் நிரலுக்கு விரைவான கணிப்பு வேண்டும் என்பதற்காக, 200 வாட்டு கொள்ளும் புதிய அட்டை ஒன்று வாங்கப்படுகிறது. மின்வழங்கி ஏழாண்டுப் பழமை உடையது. பெட்டியின்மேல் 450 வாட்டு எனக் குறித்துள்ளது. அதில் எட்டுமுனைக் கம்பி இல்லாமையால் இடையிணைப்பு ஒன்று பயன்படுத்தப்படுகிறது.

முதல் நாளில் படம் தெளிவாகத் தோன்றுகிறது. கணிப்பைத் தொடங்கிய ஐந்தாறு விநாடிகளில் பொறி அணைகிறது. மாணவர் அட்டையைப் பலமுறை கழற்றியும் செருகியும் பார்க்கிறார். மூன்றாம் முறைக்குப்பின், விசிறிகள் சிறிது சுழன்று, நின்று, மீண்டும் சுழல்கின்றன. திரை இருண்டு கிடக்கிறது. பழைய அட்டையை வைத்தாலும் அதே நிலை. பழுது பார்ப்பவர், தாய்ப்பலகை போய்விட்டது, பொறியையே மாற்ற வேண்டும் என்கிறார். மாணவரின் அச்சம் பொறியைப் பற்றியது அன்று. நான்கு பருவங்களின் உழைப்பைப் பற்றியது.

இங்கு முதலில் செய்ய வேண்டுவது பழுது பார்த்தல் அன்று, செய்தியைக் காத்தல். வன்தட்டைக் கழற்றி வேறொரு பொறியில் இணைத்துப் படங்களைப் படியெடுத்துக்கொள்ளலாம். தாய்ப்பலகை செயலற்றமையால் வன்தட்டில் பதிந்தவை அழிவதில்லை. படியெடுத்தபின், அமைதியான உள்ளத்துடன் சோதனையைத் தொடங்கலாம்.

அடுத்து, குறிகளை ஆராய்க. முதல் நாளின் குறி (இ) வகை. பின்னர்த் தோன்றியது (ஆ) வகை. குறி மாறியிருப்பின் காரணமும் ஒன்றாக இராமல் இரண்டாக இருக்கலாம். இதுவே இவ்வெடுத்துக்காட்டின் திறவுகோல். பழைய அட்டையை வைத்தும் பொறி இயங்காமையால், இரண்டாவது குறை புதிய அட்டையைச் சார்ந்ததன்று. அட்டையை மாற்றும் செயலின்போது வேறு எதுவோ நிலை மாறியிருத்தல் வேண்டும்.

பொறியை அதன் மிகக் குறைந்த உறுப்புகளுக்குக் கொணர்கின்றனர்: தாய்ப்பலகை, விசிறியுடன் கூடிய செயலி, ஒரே ஒரு ரேம் பட்டை, மின்வழங்கி, பழைய அட்டை. ரேம் பட்டைகளைக் கழற்றும் பொழுது, அட்டையின் பக்கமாக உள்ள பட்டையின் ஒரு முனைத் தாழ் திறந்து கிடப்பது தெரிகிறது. பல தாய்ப்பலகைகளில் ரேமின் கீழ்த்தாழ், கிராபிக்ஸ் அட்டையின் முதுகுக்கு மிக அருகில் அமைந்துள்ளது. நீண்ட அட்டையைத் திரும்பத் திரும்பச் செருகுங்கால் அத்தாழ் தட்டுப்பட்டுத் திறந்து, பட்டை ஒருபுறம் நூலிழை அளவு மேலெழுந்துவிட்டது. பட்டையை நன்கு அழுத்தி, இரு தாழ்களும் ஒலியுடன் பூட்டிக்கொள்ளுமாறு செய்தவுடன் திரையில் படம் தோன்றுகிறது. தாய்ப்பலகைக்கு ஒரு கேடும் இல்லை.

இனி முதற்குறை. இடையிணைப்பின் பிளாஸ்டிக் உறையில் பழுப்பு நிறம் படிந்துள்ளது. மின்வழங்கியின் பக்க அட்டவணையில் 12 வோல்ட்டிற்கு 25 ஆம்பியர், அதாவது 300 வாட்டு எனக் காண்கிறது. செயலிக்கு 95 வாட்டு, விசிறி முதலியவற்றிற்கு 30 வாட்டு, புதிய அட்டைக்கு 200 வாட்டு. ஆக 325 வாட்டு. வழங்கத்தக்கதைவிட வேண்டுவது மிகுதி. திடீர் உயர்வுகளோ இக்கணக்கில் சேரவில்லை. கணிப்பு நடவாதபொழுது அட்டை சிறிதளவே மின்சாரம் கொள்வதால், படம் மட்டும் தவறாமல் தோன்றிற்று.

கணக்கைச் சோதனையால் உறுதி செய்தல் நன்று. கருகிய இடையிணைப்பை நீக்கி, நல்ல நிலையிலுள்ள வேறொன்றைச் சோதனைக்காக மட்டும் பொருத்துகின்றனர். அட்டை உட்கொள்ளும் திறனுக்கு நிரல் வாயிலாக உச்ச வரம்பு விதிக்க இயலும். அதனை 120 வாட்டு எனக் குறைத்தால், மொத்தத் தேவை 245 வாட்டாகும். அந்நிலையில் கணிப்பு மெதுவாக நடக்கிறது. ஆனால் பொறி அணைவதில்லை. வரம்பை மீண்டும் 200-க்கு உயர்த்தியதும் அணைகிறது. அட்டை நல்லது, மின்வழங்கி போதாது என்பது ஐயத்திற்கு இடமின்றிப் புலனாகிறது. எட்டுமுனைக் கம்பியுடன் கூடிய, 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் தரவல்ல மின்வழங்கி ஒன்றை மாற்றியபின், பொறி இடையறாது இயங்குகிறது. திருப்பியனுப்ப எண்ணிய அட்டையும், எறிந்துவிட எண்ணிய தாய்ப்பலகையும் குறையற்றவை. வாங்க வேண்டியிருந்தது மின்வழங்கி ஒன்றே.

6. சோதனையின் ஒழுங்குமுறை

மேற்கூறியவற்றிலிருந்து பொதுவான முறை ஒன்றை வகுக்கலாம்.

முதலாவது: சுவர்ச் செருகியைப் பிடுங்கி, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி, எஞ்சிய மின்னூட்டத்தைக் கழித்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பின் மீண்டும் இயக்கிப் பார்க்க. தற்காப்பு நிலையிலுள்ள மின்வழங்கி இதனாலேயே மீளக்கூடும்.

இரண்டாவது: பொறி இறுதியாக நன்கு இயங்கிய நிலைக்கே அதனைத் திரும்பக் கொணர்க. பழைய அட்டையுடன் இயங்குமாயின், புதிய அட்டையிலோ அதன் தேவைகளிலோ குறை உள்ளது. இயங்காதாயின், மாற்றத்தின்போது தொடப்பட்ட பிற இணைப்புகளில் தேடுக.

மூன்றாவது: உறுப்புகளைக் குறைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றியபின் பொறி இயங்கினாலும், எது காரணம் என்பது விளங்காமலே போகும். ஒவ்வொரு மாற்றத்தையும் விளைவையும் தாளில் குறித்துக்கொள்ளுதல் நலம்.

நான்காவது: பயாஸின் அமைப்புகளை ஆலைநிலைக்குத் திருப்புக. மின்சாரத்தை நீக்கியபின், தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட்டுக் காசு வடிவ மின்கலத்தைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தல் ஒரு வழி. வன்தட்டின் இயக்க முறை முதலிய அமைப்புகளும் இதனால் மாறுமாதலின், இயலுமாயின் அவற்றை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

ஐந்தாவது: மல்டிமீட்டரால் மின்னழுத்தங்களை அளக்க. 12 வோல்ட்டு 11.4-க்கும் 12.6-க்கும் இடையிலும், 5 வோல்ட்டு 4.75-க்கும் 5.25-க்கும் இடையிலும் இருத்தல் வேண்டும். இவ்வெல்லைக்கு வெளியே இருப்பின் மின்வழங்கி பழுதுடையது. எல்லைக்குள் இருப்பினும் அது நல்லது என முடிவு செய்தல் கூடாது. சுமையில்லாத நிலையில் அளந்த அளவு, சுமையின்போதுள்ள நிலையைக் காட்டாது. நொடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கில் தோன்றி மறையும் வீழ்ச்சியைச் சாதாரண மல்டிமீட்டர் காண்பதும் இல்லை.

ஆறாவது: ஐயத்திற்குரிய உறுப்பை, நன்கு இயங்கும் வேறொரு பொறியில் வைத்துச் சோதிக்க. அப்பொறியின் மின்வழங்கி போதுமானதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்க.

7. சில எச்சரிக்கைகள்

மின்வழங்கியின் பெட்டியை ஒருபொழுதும் திறத்தல் கூடாது. 230 வோல்ட்டு மாறு மின்னழுத்தத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட்டு. செருகியைப் பிடுங்கிய பின்னரும் அவ்வளவோ அதற்கு மேற்பட்டோ மின்னழுத்தம் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கக் கூடும்; அஃது உயிருக்கு ஊறு விளைக்கவல்லது.

கழற்றி மாட்டத்தக்க கம்பிகளையுடைய மின்வழங்கிகளில், ஒன்றின் கம்பியை மற்றொன்றில் செருகுதல் ஆகாது. அட்டையின் பக்கமுள்ள முனை பொதுவான ஒழுங்கில் அமைந்திருப்பினும், மின்வழங்கியின் பக்கமுள்ள முனையின் ஒழுங்கு தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுகிறது. அளவு பொருந்திவிட்டதால் இணைத்து, 5 வோல்ட்டு செல்ல வேண்டிய இடத்தில் 12 வோல்ட்டு சென்று, வன்தட்டு எரிந்து போதல் கூடும். செயலிக்குரிய எட்டுமுனைக் கம்பியும், அட்டைக்குரிய எட்டுமுனைக் கம்பியும் தோற்றத்தால் ஒத்தவை. ஆயினும் 12 வோல்ட்டும் நிலமுனையும் அவற்றில் எதிரெதிராக அமைந்துள்ளன. முனைகளின் வடிவம் தடுப்பதை வலிந்து அழுத்துதல் பெருங்கேட்டிற்கு வழியாகும்.

வறண்ட காலத்தில் நடந்து வருவதாலேயே மனித உடலில் பல ஆயிரம் வோல்ட்டு நிலைமின்னழுத்தம் சேரும். அதன் ஒரு சிறு பகுதியே நுண்சுற்றைக் கெடுக்கப் போதுமானது. ஆகவே, அட்டையைத் தொடுமுன், நில இணைப்புப் பெற்ற வெற்று உலோகப் பரப்பு ஒன்றைத் தொடுதல் வேண்டும். மணிக்கட்டில் அணியும் நில இணைப்புப் பட்டை இதனினும் சிறந்தது. மூன்றாம் முனை இல்லாத செருகியில் இணைக்கப்பட்ட பொறிக்கு இக்காவல் கிட்டாது.

முடிவுரை

அட்டை மாற்றம் என்பது ஓர் உறுப்பை எடுத்து மற்றோர் உறுப்பை வைப்பதோடு முடிவதன்று. மின்வழங்கியின் சுமை, இணைப்பான்களின் வெப்பம், தொடக்க நிரலின் இசைவு, அருகிலுள்ள உறுப்புகளின் இருப்பு ஆகிய யாவும் அதனால் மாறுகின்றன. மாற்றத்தின்பின் தோன்றும் கோளாற்றிற்கு, மாற்றிய உறுப்பே காரணம் எனக் கொள்வது இயல்பான எண்ணமே. ஆயினும் அது மெய்ப்பிக்கப்பட வேண்டிய எண்ணம்.

2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், பயனற்ற சாதனங்களை முறையாகத் திரட்டி மறுசுழற்சிக்கு உட்படுத்த வழி வகுக்கின்றன. நல்ல தாய்ப்பலகை ஒன்று கழிவாகாமல் தடுப்பது அதனினும் மேலான சிக்கனம். அதற்கு வேண்டுவன ஒரு மல்டிமீட்டர், ஒரு திருகுமுடுக்கி, ஒரு தாள், சிறிது பொறுமை ஆகியவையே. எல்லாவற்றிற்கும் முன்னதாக, வன்தட்டில் உள்ளவற்றிற்கு வேறோர் இடத்தில் ஒரு படி இருத்தல் வேண்டும். உறுப்புகளை மீண்டும் வாங்கலாம். கடந்துபோன பருவத்தின் இலைகளை மீண்டும் படமெடுத்தல் இயலாது.